டோல்பட்டில்: மரத்தடியா, மாடியறையா?

கேள்வி (ஏப்ரல் 3)

போன கோடையில் இங்கிலாந்து போனபோது டார்செட் பக்கம் டோல்பட்டில் என்ற கிராமத்துக்கும் ஒரு எட்டு போய்வந்தேன். தொழிற்சங்கத்தின் பிறப்பிடம் என்கிறார்கள். 1834ல் சங்கம் வைப்பதே சட்டவிரோதம் என்பதால் ஆறு விவசாயக் கூலிகளை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்களாம். அவர்கள் கூடிய மரத்தைப் பார்த்தேன். குடியிருந்த ஆறு வீடுகளையும் பார்த்தேன். வரிசையாக, அம்சமாக இருக்கின்றன. கூலிக்காரர் வீடு மாதிரியே இல்லை. இவ்வளவு வசதியாக இருந்தவர்கள் எதற்குப் போராடினார்கள்?

ஏப்ரல் 3, இரவு

நீங்கள் பார்த்த ஆறு வீட்டில் அந்த ஆறு பேரில் ஒருவர்கூட ஒரு ராத்திரி தலைசாய்த்ததில்லை. அது 1934ல் கட்டியது. வழக்கு நடந்து நூறு வருஷம் ஆனதை ஒட்டி, ஓய்வுபெற்ற விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்க டி.யூ.சி. கட்டிக்கொடுத்த வரிசை. டி.யூ.சி. என்றால் பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் தலைமை அமைப்பு. வீட்டுக்கு ஒரு தியாகியின் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்ததும் அவர் குடியிருந்த வீடு என்று நினைக்கத்தான் தோன்றும். மியூசியமும் அதே கட்டடத்தில் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுதல்.

நிஜமான வீடு வேறே இருக்கிறது. ஊருக்குள், கூரை வேய்ந்த சின்ன வீடு. தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் வீடு. அதன் மாடியறையில் நடந்ததுதான் கோர்ட்டில் வழக்காக வந்தது. இன்றைக்குத் தனியார் வீடு, ஆள் குடியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அடுத்தது, 1834ல் சங்கம் சட்டவிரோதம் கிடையாது. தடைச் சட்டங்களை 1824லேயே நீக்கிவிட்டார்கள். 1825ல் கொஞ்சம் இறுக்கினார்கள். ஆனாலும் கூலிக்காகச் சங்கம் சேர்வது குற்றமில்லை. பிறகு எதற்கு ஏழு வருஷ நாடுகடத்தல்? அந்த மாடியறையில் ஒரு சத்தியம் வாங்கியதற்கு.

மிச்சம் நாளைக்கு. மகள் வீட்டில் இருக்கிறேன், பத்தரைக்கு மேல் வைஃபை பேரனுக்குச் சொந்தம்.

ஏப்ரல் 4

வசதியைப் பற்றிக் கேட்டீர்கள். சுற்றுவட்டாரத்தில் வாரக் கூலி 10 ஷில்லிங். டோல்பட்டிலில் 9. அது 8 ஆயிற்று, அப்புறம் 7. இனி 6தான் என்று சொல்லியும் விட்டார்கள். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்ட். பெண்டாட்டி பிள்ளைகளோடு வாரம் 7 ஷில்லிங்கில் குடும்பம் நடத்தியவர்கள் இவர்கள்.

இத்தனைக்கும் முதலில் நியாயமாகத்தான் போனார்கள். பண்ணைக்காரர்களோடு பேசி, ஊர்ப் பாதிரியார் டாக்டர் வாரனைச் சாட்சி வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் என்ன கூலியோ அதையே தருவதாக வாக்கு வாங்கினார்கள். வாக்கு தவறினால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பாதிரியாரும் ஆண்டவர் பேரில் சொன்னார். கூலி இறங்கியதும் போய்க் கேட்டால், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றுவிட்டார். இதை எழுதிவைத்திருப்பவர் ஜார்ஜ் லவ்லெஸ். ஆறு பேருக்கும் தலைவர், மெதடிஸ்ட் சபையில் உபதேசியார், தானாகவே எழுதப் படிக்கக் கற்றவர். 1837ல் திரும்பி வந்ததும் நடந்ததையெல்லாம் சிறு நூலாகப் போட்டார்.

வாய்ச்சொல்லை நம்பக்கூடாது, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்கு என்று எங்கள் வங்கி ஊழியர் சங்கத்தில் பழைய ஆட்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அந்த ஞாபகம்தான் வருகிறது.

ஏப்ரல் 4, சற்றுப் பிறகு

இயந்திரங்களை உடைத்தவர்கள்தானே இவர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது 1830. கேப்டன் ஸ்விங் என்ற பெயரில் தெற்கு இங்கிலாந்து முழுக்கக் கதிரடிக்கும் மெஷினை உடைத்து, வைக்கோல் போரைக் கொளுத்திய கலவரம். இவர்கள் ஒரு போரைக்கூடக் கொளுத்தவில்லை. பண்ணையார்களுக்கு அதுதான் உறுத்தியிருக்கும். கொளுத்தினால் தூக்கில் போடலாம். மாதச் சந்தா, விதிமுறை, செயலாளர் என்று வந்து நிற்கிறவனை என்ன செய்வது?

சந்தா மாதத்துக்கு இல்லை, வாரத்துக்கு. சேரும்போது 1 ஷில்லிங், பிறகு வாரம் 1 பென்னி.

ஏப்ரல் 9

இப்போது மாடியறைக்கு வருவோம்.

1833 அக்டோபரில் வேளாண் தொழிலாளர் நேசச் சங்கம் தொடங்கியாயிற்று. நேசச் சங்கம் என்றால் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள வைக்கும் சங்கம். டிசம்பர் 9 இருட்டிய பிறகு புது ஆட்கள் சிலர் ஸ்டாண்ட்ஃபீல்ட் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களில் எட்வர்ட் லெக் ஒருவர், ஜான் லாக் ஒருவர். பிற்பாடு கோர்ட்டில் அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சிகள் இந்த இருவரும்தான்.

லெக் சொன்னபடி நடந்தது இது. கண்ணைக் கைக்குட்டையால் கட்டி உள்ளே கூட்டிப்போனார்கள். முழங்காலிட்டார்கள். யாரோ எதையோ வாசித்தார்கள். ஒரு புத்தகத்தை முத்தமிடச் சொன்னார்கள். கட்டை அவிழ்த்ததும் எதிரே ஆளுயர எலும்புக்கூட்டுப் படம். "உன் முடிவை நினை" என்றார்கள். ஜேம்ஸ் லவ்லெஸ், ஜார்ஜின் தம்பி, பாதிரியார் அங்கி மாதிரி வெள்ளையாக ஏதோ போட்டிருந்தார்.

எலும்புக்கூட்டை வரையச் சொல்லி டார்செஸ்டர் பெயின்டர் ஒருவரிடம் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அந்த ஆர்டரும் கோர்ட்டில் சாட்சியமாக வந்தது. பேனர் ஆர்டரைக்கூட சாட்சியமாக இழுக்கும் வழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

படிக்கும்போது எனக்கு ஒட்டிக்கொண்டது எலும்புக்கூடு இல்லை, அந்த அறையின் அளவு. அந்தக் காலத்து டார்செட் கூலிக்காரர் வீடு பெரும்பாலும் மண் வீடு. களிமண், சுண்ணாம்புக்கல் தூள், வைக்கோல் மூன்றையும் போட்டு மிதித்துப் பிசைந்து, முழ உயரத்துக்கு ஒரு படை வைத்து, காயவிட்டு, மேலே அடுத்த படை. எங்கள் பாட்டனார் வீட்டுச் சுவரும் அப்படி வைத்ததுதான், சுண்ணாம்புக்கல் மட்டும் கிடையாது. அந்த மாதிரி வீட்டின் மேல்தளத்தில் இத்தனை ஆம்பளைகள், அதோடு ஆளுயரப் படம் ஒன்று. நிமிர்ந்து நிற்கவாவது முடிந்திருக்குமா?

ஏப்ரல் 10

"எதற்கு இந்தப் பூச்சாண்டி வேலை? நேராகச் சங்கம் வைத்திருந்தால் மாட்டியிருக்க மாட்டார்களே" என்று ஒரு நண்பர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

கண்ணைக் கட்டுவது, சத்தியம் வாங்குவது, எலும்புக்கூடு காட்டுவது எல்லாம் அன்றைக்கு நேசச் சங்கங்களிலும் கைத்தொழில் சங்கங்களிலும் சகஜம். பெரிய மனிதர்கள் ஃப்ரீமேசன் லாட்ஜில் செய்யவில்லையா? அவர்களை யாரும் கப்பலில் ஏற்றவில்லை. சத்தியம் வாங்கியதற்குக் காரணமும் சாதாரணமானது. சேர்ந்தவன் பெயர் வெளியே தெரிந்தால் மறுநாள் வேலை கிடையாது, வீடும் போகும். வாயைத் திறக்காதே என்று சொல்ல அவர்களிடம் இருந்தது பைபிளும் பயமும்தான்.

அரசாங்கம் பிடித்த பிடியைப் பாருங்கள். 1797ல் கடற்படையில் கலகம் வந்தது. மாலுமிகள் ரகசியச் சத்தியம் செய்துகொண்டு கலகம் பண்ணக்கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதைத் தூசி தட்டி எடுத்து, கடலையே பிழைப்பாகக் கொள்ளாத ஏர் ஓட்டிகள் மேல் போட்டார்கள். சங்கம் வைத்ததைத் தொட முடியாதென்பதால் மாடியறையைத் தொட்டார்கள்.

இதற்கு வேலை செய்தவர் மோர்ட்டன் பண்ணையார் ஜேம்ஸ் ஃப்ராம்ப்டன். அவரே மாஜிஸ்திரேட். லண்டனில் உள்துறை மந்திரி மெல்போர்ன் பிரபுவுக்கு எழுதி ஆலோசனை கேட்டார். 1834 பிப்ரவரி கடைசியில், இப்படிச் சங்கத்தில் சேர்ந்தால் ஏழு வருஷ நாடுகடத்தல் என்று சுற்றுவட்டாரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சத்தியம் நடந்தது டிசம்பரில், நோட்டீஸ் வந்தது பிப்ரவரியில். ஒட்டிய பசை காய்வதற்குள், 24ஆம் தேதி விடியற்காலை கைது.

கைது செய்ய வந்த ஊர்க் கான்ஸ்டபிள் பெயர் ஜேம்ஸ் பிரைன். கைதான ஆறு பேரில் ஒருவர் பெயரும் ஜேம்ஸ் பிரைன். சினிமாவில் வைத்தால் லாஜிக் இடிக்கிறது என்பார்கள்.

ஏப்ரல் 17

டார்செஸ்டர் ஷைர் ஹால் போய்வந்தேன். டோல்பட்டிலிலிருந்து ஏழு மைல். கைது செய்த அன்று ஆறு பேரையும் நடத்தியே கூட்டி வந்த தூரம். 2018லிருந்து மியூசியமாக இருக்கிறது. கோர்ட் அறையைப் பழையபடியே வைத்திருக்கிறார்கள்.

கீழே லாக்கப். அங்கிருந்து படியேறினால் நேரே குற்றவாளிக் கூண்டு. மரக் கைப்பிடி, எதிரே உயரத்தில் நீதிபதி நாற்காலி. யார் வேண்டுமானாலும் கூண்டில் நின்று பார்க்கலாம். நானும் ஏறி நின்றேன். தொழில் தகராறு டிரிபியூனலில் எங்கள் சங்கக் கிளைக்காக எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், அங்கே எங்களுக்கு நாற்காலி போடுவார்கள். இங்கே கீழிருந்து தலை முளைக்கிற மாதிரி ஏறி வரவேண்டும். ஏறி வந்ததுமே பாதிக் குற்றம் நிரூபணமான மாதிரி இருக்கிறது.

வழக்கு அனுப்பலாமா என்று தீர்மானிக்கும் கிராண்ட் ஜூரியின் தலைவர் வில்லியம் பான்சன்பி, உள்துறை மந்திரியின் மைத்துனர். ஃப்ராம்ப்டனும் அதில் ஒருவர். அவர் மகனும் ஒருவர். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தே தேவலாம்.

மார்ச் 19ல் தீர்ப்பு. நீதிபதி ஜான் வில்லியம்ஸ், தண்டனை குற்றவாளியைத் திருத்த மட்டுமில்லை, மற்றவர்களுக்கு எச்சரிக்கையாகவும் இருக்கவேண்டும் என்று சொல்லி ஏழு வருஷம் கொடுத்தார். ஜார்ஜ் எழுதிக்கொடுத்த பதிலில், யாருடைய பெயருக்கோ உடலுக்கோ சொத்துக்கோ நாங்கள் கேடு செய்யவில்லை, நாங்களும் பெண்டாட்டி பிள்ளைகளும் பட்டினியில் சாகாமல் இருக்கத்தான் ஒன்றுசேர்ந்தோம் என்றிருந்தது.

ஏப்ரல் 21

இன்றைய தேதியில், 1834ல், அந்த ஆறு பேரை விடச்சொல்லி, லண்டன் கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ் திடலில் பல்லாயிரம் பேர் கூடி ஊர்வலம் போனார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் கையெழுத்திட்ட மனுவை மெல்போர்ன் வாங்க மறுத்தார். 1836 மார்ச்சில், ஜான் ரசல் பிரபு உள்துறைக்கு வந்தபின், முழு மன்னிப்பு. இரண்டு வருஷம் ஊர் ஊராகக் கத்தியதன் பலன். அவ்வளவுதான், இன்றைக்கு முழங்கால் வலி.

மே 2

இழையை மறுபடி மேலிருந்து படித்தேன். "தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் வீடு" என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது டைனாவின் வீடும்தானே.

டைனா, தாமஸின் மனைவி. பிறந்த வீட்டுப் பெயர் லவ்லெஸ். ஜார்ஜும் ஜேம்ஸும் அவள் கூடப் பிறந்தவர்கள். ஜான் ஸ்டாண்ட்ஃபீல்ட் அவள் மகன், அப்போது வயது 21. 1834 பிப்ரவரி 24ல் விடிவதற்குள் கணவன், மகன், உடன்பிறந்தவர் இருவர் என்று ஆறில் நாலு பேர் அவள் ரத்தமும் தாலியும். இந்தச் சங்கம் மச்சான், மாமன், மருமகன் சேர்ந்து நடத்தியது. நம்பிக்கையான ஆளை எங்கே தேடுவான் ஏழை? சொந்தத்தில்தான்.

தண்டனை ஆனபிறகு குடும்பங்கள் பாரிஷ் உதவி கேட்டுப் போனார்கள். ஏழைகளுக்குத் திருச்சபை வட்டாரம் கொடுக்கும் வாராந்தர உதவி அது. கிடையாது என்றுவிட்டார்கள். சங்கத்துக்குச் சந்தா கொடுக்கக் காசு இருந்ததே, அங்கே போய்க் கேளுங்கள் என்ற தோரணை. லண்டனில் இதற்கென்றே அமைந்த கமிட்டி பணம் திரட்டி அனுப்பித்தான் அடுப்பு எரிந்தது.

எங்கள் கிளைக்கு ஆபீஸ் ரூம் கிடைப்பதற்கு முன்பு கமிட்டி மீட்டிங் எல்லாம் என் வீட்டுக் கூடத்தில்தான். மானேஜ்மென்ட் ஆள் எட்டிப் பார்க்கக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிடுவோம். காபி போட்டு, குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்குப் பாய் போட்டுக் கொடுத்தது என் மனைவி. வெள்ளிவிழா மலருக்குக் கிளை வரலாறு எழுதினேன். அதில் யார் யார் வந்தார்கள், என்ன தீர்மானம் என்று எல்லாம் இருக்கிறது. அவள் பெயர் இல்லை. போன வாரம் டைனா கதையைச் சொன்னேன். "பாவம், மாடிக்கு வேற காபி தூக்கிட்டுப் போயிருப்பா" என்றாள்.

மே 3

மரத்தைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறேன் என்று புகார்.

அது சிக்கமோர் மரம், ஊர் நடுப் புல்தரையில். 2005ல் அடிமரத்தின் சுற்றளவை வைத்துக் கணக்கிட்டு 1680களில் முளைத்தது என்றார்கள். ஆக 1833லேயே அது ஏறக்குறைய நூற்றைம்பது வயசு மரம். பராமரிப்பு நேஷனல் டிரஸ்ட், பழைய இடங்களைக் காக்கும் அமைப்பு. அதன் கீழே உட்கார்ந்து பேசினார்கள் என்பது செவிவழியாக வருவது. பேசியிருப்பார்கள், வயலிலிருந்து வரும்போது நிழலில் நிற்காதவன் யார்? கூலியைப் பற்றி முணுமுணுக்க மரத்தடி போதும். சத்தியம் வாங்க அது ஆகாது, போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான். அதற்குக் கதவு வேண்டும்.

ஆனால் நினைவுச் சின்னமாக மரம் ஜெயித்ததற்குக் காரணம் புரிகிறது. பொது இடம், பெஞ்சு இருக்கிறது, 1934ல் பக்கத்தில் ஒரு கூரைப் பந்தலும் போட்டுவிட்டார்கள், போட்டோவுக்கு அடங்கும். வீட்டில் யாரோ குடியிருக்கிறார்கள், துணி காயப்போடுவார்கள், தபால் வரும்.

வீட்டையும் டி.யூ.சி. வாங்கி மியூசியம் ஆக்கவேண்டும் என்று ஒரு தோழர் வாதாடுகிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெழுகு பொம்மையை முழங்காலிட வைத்து, கண்ணைக் கட்டி, பட்டன் அழுத்தினால் லெக் குரலில் ஒலிப்பதிவு, வெளியே வந்தால் எலும்புக்கூடு போட்ட டீ கப். வேண்டாம். அடுப்பு எரிகிற வீடாகவே இருக்கட்டும்.

மே 19

கப்பல் ஏறிய பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார்கள்.

ஜார்ஜுக்குச் சிறையில் உடம்பு முடியாமல் போனதால் மற்ற ஐவரையும் சர்ரி என்ற கப்பலில் முதலில் அனுப்பினார்கள். 1834 ஆகஸ்டில் சிட்னி. ஜார்ஜ் அப்புறம் வேறு கப்பலில் டாஸ்மேனியா போனார். அப்போது அதற்கு வான் டீமன்ஸ் லேண்ட் என்று பெயர்.

அங்கே கைதிகளைப் பண்ணைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். தாமஸும் ஜானும் மெய்ட்லண்ட் பக்கம், சில மைல் இடைவெளியில் வெவ்வேறு பண்ணையில். மூன்று வாரம் கழித்து மகன் அப்பாவைப் பார்க்கப் போகிறான். 44 வயது மனிதர், தலையிலிருந்து கால்வரை புண், குழந்தை மாதிரி பலமில்லாமல் கிடக்கிறார். ஜான் இதைத் தானே எழுதியிருக்கிறார்.

பிரைனுக்கு வழியிலேயே கொள்ளை. போர்வை, செருப்பு எல்லாம் போயிற்று. பண்ணையில் வேலிக்குக் குழி தோண்டச் சொன்னார்கள். வெறுங்காலால் மண்வெட்டியை மிதித்து மிதித்துப் பாதம் கிழிந்ததும், பீப்பாய்க்குப் போடும் இரும்புப் பட்டையில் ஒரு துண்டை எடுத்துக் காலில் சுற்றிக்கொண்டு மிதித்தார். செருப்பு கேட்டதற்கு ஆறு மாசம் ஆகும் என்று பதில். நீ டார்செட்டில் மெஷின் உடைத்த பயல்தானே என்றும் எஜமானர் திட்டினார். உடைக்கவில்லை என்று யாரிடம் சொல்வது?

ஜார்ஜுக்கு மன்னிப்புச் செய்தி கிடைத்தது ஒரு பழைய செய்தித்தாளில். உடனே கிளம்பவில்லை. மனைவியைக் கிளம்பி வரச்சொல்லி முன்பே கடிதம் போட்டிருந்தார். தான் இங்கிருந்து போக, அவள் அங்கிருந்து வர, நடுக்கடலில் கப்பல்கள் கடந்துபோனால்? அவள் புறப்படவில்லை என்று உறுதியாகும்வரை காத்திருந்தார். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

மே 20

ஜார்ஜ் 1837 ஜூனில் வந்தார். தம்பி ஜேம்ஸ், ஸ்டாண்ட்ஃபீல்ட் இருவர், பிரைன் நால்வரும் 1838 மார்ச்சில் பிளிமத் வந்திறங்கினார்கள். ஆறாவது ஆள் ஜேம்ஸ் ஹேமட் 1839ல். லண்டன் கமிட்டி எசெக்ஸில் கிரீன்ஸ்டெட், ஹை லேவர் ஊர்களில் குத்தகைப் பண்ணை பிடித்துக் கொடுத்தது. 1839ல் கிரீன்ஸ்டெட் சர்ச்சில் ஜேம்ஸ் பிரைனுக்கும் எலிசபெத் ஸ்டாண்ட்ஃபீல்டுக்கும் கல்யாணம். எலிசபெத் யார் தெரியுமா? டைனாவின் மகள்.

ஆறில் ஐந்து. கணவன், மகன், உடன்பிறந்தவர் இருவர், கடைசியில் மாப்பிள்ளை.

ஜூன் 8

டைனா குடும்பத்தில் சேராத அந்த ஆறாவது ஆள், ஜேம்ஸ் ஹேமட்.

ஐவரும் எசெக்ஸிலும் பண்ணையார்கள் விடாமல் நச்சரித்ததால் 1844லிருந்து ஒவ்வொருவராகக் கனடா போய், ஒன்டாரியோவில் இருக்கும் லண்டன் பக்கம் குடியேறினார்கள். ஹேமட் மட்டும் டோல்பட்டிலுக்கே திரும்பிவிட்டார். எந்த ஊர் காட்டிக்கொடுத்ததோ அதே ஊருக்கு. கட்டட வேலைக் கூலியாக இருந்தார். 1875ல் விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் கூட்டம் போட்டுக் கடிகாரமும் பாராட்டு மடலும் கொடுத்தார்கள். 1891ல் இறந்தது டார்செஸ்டர் ஒர்க்ஹவுஸில், அதாவது அநாதைகளும் கதியற்றவர்களும் போய்ச்சேரும் இடத்தில். கண் பார்வை போயிருந்தது. டோல்பட்டில் சர்ச் வளாகத்தில் புதைத்தார்கள். கல்லறைக்கு எரிக் கில் செதுக்கிய கல் வந்தது 1934ல்.

இதில் கூடுதல் சங்கடம் ஒன்று. அந்த டிசம்பர் ராத்திரி ஹேமட் அந்த மாடியறையிலேயே இல்லை என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். இருந்தது அவர் அண்ணன் தம்பியில் ஒருவர், ஜான் ஹேமட். ஜானின் மனைவிக்குப் பிரசவ நேரம், அதனால் ஜேம்ஸ் வாயைத் திறக்காமல் பழியை ஏற்றுக்கொண்டார் என்கிறார்கள். ஆக, ஏறாத மாடிக்காக ஏழு வருஷ தண்டனை வாங்கியவர் அவர். ஊரோடு தங்கியவரும் அவர்தான், அதனால் இன்றைக்கு மாலை போட அங்கே இருப்பதும் அவர் கல்லறை ஒன்றுதான்.

ஊருக்கு வந்தபின் இதையெல்லாம் அவர் யாரிடமும் அதிகம் பேசவில்லையாம். எங்கள் கிளையிலும் அப்படி ஒருவர் இருந்தார். ஸ்டிரைக்கில் சஸ்பெண்ட் ஆனவர். திரும்ப வேலைக்கு வந்தபிறகு சங்க மீட்டிங் நோட்டீஸைக் கையில் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார், சந்தா மட்டும் தேதி தவறாது.

ஜூன் 9

நம்ம ஊருக்கு இதில் என்ன என்று ஒருவர் கேட்டுவிட்டார், கேட்டதுக்குச் சுருக்கமாக.

1918 ஏப்ரல் 27ல் சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் தொடங்கியது. அதன் தலைவர்கள் வாடியா, திரு.வி.க. பெயரெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ஒரு பக்திச் சபா நடத்தினார்கள். பின்னி மில் தொழிலாளர்கள் அங்கே சாமி கதை கேட்க வந்து உட்கார்ந்து, பேச்சு மெல்ல மில் பக்கம் போயிற்று. டோல்பட்டிலில் மெதடிஸ்ட் ஜெபக்கூட்டம் செய்த வேலையை இங்கே பஜனைச் சபா செய்தது. முதலில் வேண்டியது ஒரு அறை, உட்கார ஒரு சாக்கு.

1920ல் பின்னி கம்பெனி ஹைகோர்ட் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா முதலியவர்கள் மேல் வழக்கு. கோர்ட் தடையுத்தரவும் போட்டது. சங்கம் வைக்காதே என்று ஒரு வரிகூட இல்லை. அங்கே மாலுமிச் சட்டம், இங்கே இங்கிலாந்திலிருந்து வந்த ஒப்பந்தச் சட்டம். அந்த வழக்கு கிளப்பிய சர்ச்சையில்தான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி பிறந்தது. நான் முப்பது வருஷம் ரிட்டர்ன் தாக்கல் செய்தது அந்தச் சட்டத்தின் கீழ்தான், அதனால் எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

ஜூன் 9, மாலை

லெக்கைத் துரோகி என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சரி. சாட்சி சொன்ன விதத்தையும் பாருங்கள். வாசித்தது என்ன என்று கேட்டால் ஞாபகமில்லை, கூலி பற்றி, ஸ்டிரைக் பற்றி ஏதோ என்கிறார். என்ன சத்தியம் என்றால் தடுமாறுகிறார். மனசோடு காட்டிக்கொடுத்த ஆள் மாதிரி இல்லை, பண்ணையார் முன்னால் நிறுத்திக் கேட்டதும் நடுங்கிப் போனவன் மாதிரி இருக்கிறது. அவருக்கும் அதே 7 ஷில்லிங்தான். திட்டுகிறதில் பாதியை ஃப்ராம்ப்டனுக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஜூலை 22

திருவிழாவுக்குப் போய்வந்தேன். வருஷா வருஷம் ஜூலையில் நடப்பது. ஊர் கொள்ளாத கூட்டம், பட்டுத்துணி பேனர்கள், பேண்டு வாத்தியம். ஹேமட் கல்லறையில் மாலை வைத்தார்கள். தீயணைப்புத் தொழிலாளர் பேனரைத் தூக்க ஆள் போதாமல் என்னையும் ஒரு கழியைப் பிடிக்கச் சொன்னார்கள். காற்றில் அது இழுத்த இழுப்பில் நான் பாதி வழி பேனருக்குப் பின்னால் ஓடினேன். மகள் வீடியோ எடுத்து உறவினர் குரூப்பில் எல்லாம் போட்டுவிட்டாள்.

ஊர்வலம் போகிற வழியில் ஒரு இளைஞர் அந்த வீட்டு ஜன்னலுக்கு நேரே மொபைலைத் தூக்கிக் காட்ட, பக்கத்தில் நின்ற பாட்டியம்மா "அது அவர்கள் படுக்கையறை தம்பி" என்கிற தொனியில் ஏதோ சொன்னார். பையன் கையை இறக்கிவிட்டான்.

உள்ளே நுழைந்து பார்க்கிற மாதிரி அந்தக் காலத்துக் கட்டடம் வேண்டுமென்றால், பழைய மெதடிஸ்ட் ஜெபவீடு இருக்கிறது. 1818ல் கட்டியது, ஜார்ஜ் உபதேசித்த சபை. 1860களில் புது ஜெபவீடு வந்தபின் இது பண்ணைச் சாமான் போடும் கொட்டகையாகக் கிடந்தது. ஒரு டிரஸ்ட் அமைத்து, பணம் திரட்டி, மண்சுவரை மீட்டெடுத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். மியூசியத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.